ஸ்பெல் செக் பட்டன் மங்கிக் கிடக்குதுங்க

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எரிந்துபோன போர்டை மாற்றிவிடலாம், செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்துகூட ஏதாவது தேற்றிவிடலாம். "சின்ன வேலைதாங்க, ஒரே ஒரு பட்டனைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறார்களே, அதுதான் ஆளை முடித்துவிடும்.

எனக்குச் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில், மாடியில் ஓர் அறை. பதினாறு வருஷமாக அதுதான் கடை. கூப்பிடுகிற ஊருக்கு ஸ்க்ரூ டிரைவர் பையோடு பஸ் ஏறிப் போவேன். போய் இறங்கியதும், வந்திருப்பது ஒரு பெண் என்று பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "இஞ்சினியர் வரலீங்களா?" என்று கேட்பார்கள். "நான்தாங்க" என்பேன். ஒரே ஓர் ஊரைத் தவிர வேறெங்கும் இந்தப் பேச்சு இல்லாமல் வேலை தொடங்கியதில்லை.

கடந்த சில வருஷமாக என்னை அதிகம் அலைய வைத்தது ஒரு பழைய மெயில் புரோகிராம். போனிலேயே மெயில் பார்க்கிற காலத்தில் இதையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் பாதி ஆபீஸில் இருக்கிறது. "மாத்திரலாங்க" என்று சொன்னால், "பழைய மெயிலெல்லாம் அதுக்குள்ளதானுங்க கெடக்குது" என்று கம்ப்யூட்டரைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். அந்தப் புரோகிராமில் எழுத்துப் பிழை பார்க்கிற பட்டன் ஒன்று உண்டு. அதைத்தான் ஸ்பெல் செக் என்பார்கள். அது வேலை செய்தால் ஒரு தொல்லை, செய்யாவிட்டால் இன்னொரு தொல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பட்டனோடு மல்லுக்கட்டியிருந்தால் என் கதை உங்கள் கதைதான்.

இரவல்

திருச்செங்கோட்டில் பொன்னுசாமி என்று ரிக் வண்டி வைத்திருக்கிறவர். வெளிமாநிலத்தில் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். உதிரி பாகங்களுக்கு வெளியூர்க் கம்பெனிகளோடு மெயிலில்தான் பேச்சு. ஒருநாள் கூப்பிட்டு, "பட்டன் மங்கிக் கெடக்குதுங்க, அமுக்குனா அமுங்க மாட்டேங்குது" என்றார். மவுஸ் பழுதாக இருக்கும் என்று நினைத்து ஒரு மவுஸையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மவுஸ் நன்றாகத்தான் இருந்தது. பட்டன் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. மெயில் புரோகிராமை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்படியே இருந்தது. செட்டிங் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு டீ வந்து ஆறிப்போன பிறகுதான் ஒன்று தோன்றியது. "கடுதாசி டைப் அடிக்கிற சாப்ட்வேர் ஒண்ணு இதுல இருந்துச்சே, அது எங்கீங்க?" என்றேன். "அதுவா, எடத்த அடச்சுக்கிட்டு இருந்துச்சு. நாமதான் கடுதாசியே எழுதறதில்லியேன்னு நாந்தான் எடுத்துப்புட்டேன்" என்றார், வீட்டைச் சுத்தம் செய்தவர் போல.

விஷயம் இதுதான். அந்த மெயில் புரோகிராமுக்கென்று சொந்தமாக அகராதி கிடையாது. பக்கத்தில் டைப் அடிக்கிற சாப்ட்வேர் இருந்தால் அதன் அகராதியை வாங்கிப் பார்த்துக்கொள்ளும். அது போய்விட்டால் இதற்கும் கண் தெரியாது. பழைய சிடி ஒன்றைத் தேடி எடுத்து, அகராதியை மட்டும் பிரித்துப் போட்டு, பட்டனுக்கு உயிர் வந்தபோது சாயங்காலம். எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, இத்தன நாளும் பக்கத்து ஊட்டுல எரவல் வாங்கித்தான் பொழச்சுக்கிட்டு இருந்துச்சுங்களா? அப்புறம் என்னத்துக்கு அதுக்கு இத்தன பெரிய பட்டனு?"

முட்டைக்கு என்ன பாஷை

நாமக்கல்லில் நல்லசாமி என்பவர் முட்டை ஏற்றுமதி செய்கிறார். ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கிற ஆபீஸ். மெயில் அடிக்கிறது ரேவதி. இருபத்து நாலு இருபத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள், கேட்டால் மட்டும் பதில். அங்கே டைப் அடிக்கிற சாப்ட்வேருக்குப் புது வெர்ஷன் போட்டுக்கொடுத்தவள் நான்தான். மறுநாள் காலையிலேயே போன். "அக்கா, நேத்துவரைக்கும் நல்லா இருந்துச்சுங்க. இன்னிக்கு எது அடிச்சாலும் தப்புங்குது" என்றாள் ரேவதி.

போய்ப் பார்த்தேன். பட்டன் பளிச்சென்று இருந்தது. அமுக்கினால் 'டியர்' தப்பு, 'சார்' தப்பு, 'எக்' தப்பு. மஸ்கட்டுக்குப் போக வேண்டிய ஒரு மெயிலில் புள்ளியைத் தவிர ஒன்றும் தேறவில்லை. எந்த மொழி அகராதி இருக்கிறது என்று பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு மொழி. பிரெஞ்சு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பிரெஞ்சுதான். புது வெர்ஷன் வந்ததும் அகராதிகளை வைக்கிற இடத்தை மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் தேடிப் போன மெயில் புரோகிராமுக்கு ஏனோ பிரெஞ்சு மட்டும் அகப்பட்டிருக்கிறது. இங்கிலீஷைத் திரும்பக் கொண்டுவர ஒரு பகல் முழுக்க ஆனது. பழைய ஃபைல்களை அதற்கான இடத்தில் வைத்து, அவை எங்கே இருக்கின்றன என்று கம்ப்யூட்டருக்குள் ஓரிடத்தில் எழுதியும் வைக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் மறுபடி பிரெஞ்சு. மூன்று முறை பிசகியது. நல்லசாமி அவ்வப்போது அறைக்குள் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போவார். நாலாவது முறை வந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"நாம அனுப்பறது மஸ்கட்டுக்குங்க அம்மிணி. அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு இதுவரைக்கும் ஒத்த முட்டகூட அனுப்புனதில்லீங்களே."

ஊர் பேர்

இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரி ஒருவர். பெயர் சுப்பிரமணி. வடநாட்டுக் கடைகளுக்குப் படம் எடுத்து மெயிலில் அனுப்புவார். அவருக்குப் பட்டனைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து, "கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

அனுப்பிய மெயில்களைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டிய இடத்தில், நீர்மூழ்கிக் கப்பல் என்று அர்த்தம் வருகிற 'சப்மரீன்', அதற்குக் கீழே கம்பளிப்புழு என்று அர்த்தம் வருகிற 'கேட்டர்பில்லர்' என்று இருந்தது. சுப்பிரமணியும் இளம்பிள்ளையும் அகராதியில் இல்லையாம். அதனால் தனக்குத் தெரிந்ததில் கிட்டத்தட்ட இருப்பதை எடுத்து நீட்டியிருக்கிறது. இவரும், கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொண்டிருக்கிறார். பட்டுச் சேலை விற்கிறவர் புழு என்று ஊர் பேர் போட்டால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் எங்கே வரப்போகிறது. ஒருவர் 'மிஸ்டர் சப்மரீன்' என்று பணிவாகப் பதிலும் போட்டிருந்தார்.

இரண்டு பெயரையும் அகராதியில் சேர்த்தேன். சும்மா இருக்காமல் பக்கத்து ஊர்ப் பெயர்கள், அவர் வீட்டார் பெயர்கள், சேலை ரகங்களின் பெயர்கள் என்று அறுபது எழுபது சேர்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் சேர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்:

"நம்மூரத் தெரியாது, எம்பேரத் தெரியாது, சேலயில ஒரு ரகந் தெரியாது. இதுகிட்டப் போயி நாம எதுக்குங்க சரி தப்பு கேக்கறது?"

ஓர் 'யு'வுக்காக

மேட்டூரில் ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற வேதாசலம் சாரிடம் போனபோது, முதல் தடவையாக யாரும் இஞ்சினியரைத் தேடவில்லை. நேராக, "நீ எங்க படிச்ச?" என்றார். அவர் தெருவில் விளக்கு எரியவில்லை, குழாய் கசிகிறது, பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று வாரம் நாலு மெயில் போடுகிறவர். பதில் வருகிறதோ இல்லையோ, மெயில் பிழையில்லாமல் போக வேண்டும்.

அவருடைய புகார் விசித்திரமானது. பட்டன் வேலை செய்கிறது. அதுதான் புகார். 'கலர்' என்ற வார்த்தையில் அவர் போடுகிற 'யு' என்ற எழுத்தைத் தப்பு என்கிறது. 'ஹானர்' என்பதிலும் அதே 'யு'. "அது அமெரிக்கா இங்கிலீஷ் அகராதிங்க சார், அங்க அந்த எழுத்து போடமாட்டாங்க" என்றேன். "நான் புகார் அனுப்புறது மேட்டூருக்கு" என்றார். பிரிட்டன் அகராதியை மாற்றி வைத்தேன். அடுத்த வாரம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அது தானாகவே அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டது. மறுபடி போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஒரே ஓர் எழுத்துக்காக. மூன்றாவது தடவை அமெரிக்க அகராதியை அடியோடு அழித்துவிட்டேன். 'கலர்' என்று அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

எனக்கு ஒரு காபி வந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்ன சார் என்று கேட்டேன்.

"மூணு வாரமா இதுகூடச் சண்ட போட்டதுல தெருவிளக்குப் புகார எழுதவே இல்லம்மா. அதுக்குள்ள அவங்களா வந்து வெளக்க மாட்டிட்டுப் போயிட்டாங்க."

முதலில் காட்டுவது

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

நாமக்கல் ஆபீஸில் இங்கிலீஷ் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். நல்லசாமி போன் செய்து, "உடனே வாங்க" என்றார். அவர் எப்போதும் 'முடிஞ்சா வாங்க' என்றுதான் சொல்வார். போனேன். ரேவதி தன் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கைப்பை தோளில் இருந்தது.

நடந்தது இது. மஸ்கட்டுக்குப் போக வேண்டிய ஒரு கன்டெய்னருக்குச் சான்றிதழ் வரவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை கன்டெய்னர் புறப்படாது என்று ரேவதி மெயில் அடித்தாள். இங்கிலீஷில் 'இல்லை' என்பதற்கு 'நாட்', 'இப்போது' என்பதற்கு 'நவ்'. இரண்டுக்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம். போன மெயிலில் 'நவ்' என்று இருந்தது. அதாவது, வெள்ளிக்கிழமை இதோ புறப்படுகிறது. மஸ்கட்காரர் அதை நம்பி அத்தனை கடைக்கும் வாக்குக் கொடுத்து, குளிர்சாதன வண்டிகளைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்துக் காத்திருந்திருக்கிறார். முட்டை வரவில்லை. இனி உங்களோடு வியாபாரமே வேண்டாம் என்று போனில் கத்தியிருக்கிறார்.

"ஸ்பெல் செக்கு இருக்கறப்ப எப்படீங்க தப்பாப் போச்சு? இந்தப் புள்ள பாக்காம அனுப்பியிருக்குது. நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டேன்" என்றார் நல்லசாமி. ரேவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை உட்கார வைத்து, அன்றைக்கு என்ன செய்தாள் என்று கேட்டேன். 'நாட்' அடிக்கும்போது கடைசி எழுத்து வேறு ஏதோ விழுந்துவிட்டதாம். அனுப்பும்போது திரையில் ஒரு பெட்டி வந்து, இது தப்பு, இவற்றில் எது வேண்டும் என்று கேட்டிருக்கிறது. முதலில் 'நவ்', இரண்டாவதாக 'நாட்'. "முதல்ல இருந்ததுக்கு சேஞ்ச் அமுக்குனேன்" என்றாள்.

அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். பிரெஞ்சை விரட்டிய அன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பையைத் தூக்கிக்கொண்டே அவளிடம் நான் சொன்னது: "பெட்டி வந்தா முதல்ல காட்டுறதுதான் சரியா இருக்கும். யோசிக்காம சேஞ்ச் அமுக்கிட்டே போம்மா." அவள் அதை முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. வாடிக்கையாளர் போய்விட்டால் திரும்ப வரமாட்டார் என்பது எல்லாத் தொழிலிலும் உள்ள பயம்.

"தப்பு அவ மேல இல்லீங்க. அப்படி அமுக்கச் சொன்னது நான்" என்றேன். சொன்ன வார்த்தையை அப்படியே திரும்பவும் சொன்னேன். 'நவ்' என்பதும் சரியான வார்த்தைதான், ஸ்பெல் செக்குக்கு எழுத்து தெரியும், முட்டை போகிறதா இல்லையா என்பது தெரியாது என்றும் சொன்னேன். நல்லசாமி ரேவதியைப் பார்த்து, "பைய உள்ள வெய்யி சாமி" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நிறுத்தறதுன்னா உங்களத்தான் நிறுத்தோணும். நீங்க எங்கிட்ட வேலையிலயே இல்லீங்களே, நான் என்ன பண்றதுங்க?"

மன்னிப்பு மெயில்

அன்றைக்கே மஸ்கட்காரருக்கு ஒரு மன்னிப்பு மெயில் போக வேண்டும் என்று முடிவாயிற்று. நல்லசாமிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரியும், எழுத வராது. எனக்கு எழுத வரும், முட்டை வியாபாரம் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் ரேவதிதான். ஆனால் அவள் கீபோர்டில் கை வைக்கவே தயங்கினாள். "அந்தப் பட்டன மொதல்ல நிறுத்திருங்க அக்கா" என்றாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, மூன்று முறை பிசகி நான் உயிர்ப்பித்த பட்டன். நிறுத்தினேன்.

அவள் ஒரு வரி அடிப்பாள். அதைத் தமிழில் நல்லசாமிக்குச் சொல்வாள். அவர் 'ம்' என்றால் அடுத்த வரி. சந்தேகம் வந்த வார்த்தையை விட்டுவிட்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த சின்ன வார்த்தையைப் போட்டாள். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். எட்டு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தப்பு எங்களுடையது, உங்கள் கடைக்காரர்களிடம் எங்கள் பெயரைச் சொல்லுங்கள், சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தேதி சொல்வோம். அவ்வளவுதான் மெயில். அனுப்பும் முன் அவள் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள்.

மறுநாள் நான் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் மனசு கேட்காமல் நாமக்கல் பஸ் ஏறினேன். பதில் வந்திருந்தது. மூவரும் திரையைச் சுற்றி நின்று படித்தோம். பரவாயில்லை, அடுத்த வாரம் இரண்டு கன்டெய்னராக அனுப்புங்கள், எப்போதும் மெயில் அடிக்கிற அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள் என்பது விஷயம். விஷயம் தெளிவாகப் புரிந்தது. ஆனால் 'பிராப்ளம்' தப்பு, 'நெக்ஸ்ட்' தப்பு, 'கன்டெய்னர்' இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தப்பு. நல்லசாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரேவதி இன்னொரு முறை முழுவதும் படித்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அவங்க ஆபீஸ்லயும் பட்டன் மங்கிக் கெடக்குதாட்ட இருக்குதுங்க அக்கா. கூப்பிட்டா போயிராதீங்க."

நாலு ஊருக்கு அலைந்து, பிழையில்லாமல் மெயில் அனுப்ப அத்தனை பேருக்கும் வழி செய்து கொடுத்த எனக்கு, இத்தனை வருஷத்தில் மனசுக்கு நிம்மதி தந்த ஒரே மெயில் வரிக்கு வரி பிழையோடு வந்ததுதான்.